கட்டத்துக்குள் அடைபட்ட மாவட்டம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தீவு மாவட்டங்களின் புவியியலையும் நிர்வாகத்தையும் வகுப்பில் எப்படி நடத்துவது என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அது என்னுடைய தவறைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பில் இந்திய வரைபடத்தைப் பார்க்காமல் வரையச் சொன்னேன். ஒரு மாணவன் நன்றாகவே வரைந்திருந்தான். வங்கக் கடலில் அந்தமானை நீளவாக்கில் புள்ளிகளாக வைத்திருந்தான். அந்தப் புள்ளிகளைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டிருந்தான். சுவரில் மாட்டியிருந்த படத்தில் இடம் போதாமல் தீவுகளைத் தனிக் கட்டத்தில் காட்டியிருந்தார்கள். அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறான் என்று புரிந்தது. இருந்தாலும் கேட்டேன், "இந்தக் கோடு என்னடா?"

"ஜெயில் சுவர், மிஸ்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அந்தமான் என்றால் செல்லுலார் சிறை, சிறை என்றால் சுவர். அவனுக்கு நான் அந்தமானைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அங்கே இன்று லட்சக்கணக்கில் மக்கள் வாழ்கிறார்கள், பள்ளிக்கூடம் இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது, வாக்குச்சாவடி இருக்கிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மறுநாள் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது பின் வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "எங்க சித்தப்பா அங்கதான் மிஸ் இருக்காரு. மூணு நாள் கப்பல்ல போனாரு. அங்க தமிழ் ஸ்கூல்கூட இருக்காம்."

அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்தது. அதன் பிறகுதான் நான் இந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

நம் வாசலிலிருந்து புறப்படும் கப்பல்

ராயபுரத்திலோ காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்தமானுக்குப் போகும் பயணிகள் கப்பல் நம் துறைமுகத்திலிருந்துதான் புறப்படுகிறது. நான்கௌரி, நிக்கோபார் என்று அந்தத் தீவுகளின் பெயரையே தாங்கிய கப்பல்கள் இந்த வழியில் ஓடியிருக்கின்றன. சுமார் 1,190 கிலோமீட்டர் கடல் வழி. வானிலை சரியாக இருந்தால் ஏறக்குறைய 60 மணி நேரம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடும். நம் பிள்ளைகளில் சிலருடைய அப்பாக்கள் துறைமுகத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர்கள். அந்தத் தீவுக் கடைகளில் விற்கும் பொருள்களில் எத்தனை நம் ஊர்க்காரர் கைபட்டுப் போனவையோ!

மொழியும் அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். அந்த மாணவி சொன்னது உண்மை. அங்கே தமிழ் வழியில் படிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றை நிக்கோபார்த் தொகுதியில் உள்ள கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். இன்னும் பின்னால் போனால், முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில் நிக்கோபார் 'மாநக்கவாரம்' என்ற பெயரில் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளாக நம் கப்பல்காரர்களுக்குத் தெரிந்த ஊரை நாம் கட்டத்துக்குள் வைத்துவிட்டோம்.

இன்னொரு தொடர்பு நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் தொலைக்காட்சியில் கேட்போமே: "அந்தமான் கடல் பகுதியில் புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது." அதைக் கேட்டவுடன் வகுப்பில் எழும் கேள்வி ஒன்றுதான்: "லீவா மிஸ்?" தாழ்வுப் பகுதி உருவாகும் இடத்தில் வாழும் பிள்ளைகளுக்கு அன்றைக்கு என்ன ஆகிறது என்று நாமும் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

புவியியலைக் கையில் பிடிப்பது

பாடநூலில் உள்ளதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், தீவு எப்படி உண்டாகிறது? நமக்குப் பக்கத்திலேயே ஒரு தீவு இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும், வடக்கே பழவேற்காடு ஏரி. கடல் கொண்டுவந்து சேர்த்த மணலால் ஆன மெல்லிய தடுப்புத் தீவு அது. அந்தமான் நிக்கோபார் அப்படியல்ல. மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, சுமத்ராவில் மீண்டும் கரையேறுகிறது. இடையில் நீருக்கு மேலே தலை நீட்டும் சிகரங்கள்தான் இந்தத் தீவுகள். இந்தியப் புவித்தட்டு பர்மாத் தட்டின் அடியில் நுழையும் விளிம்பு அது. அதனால்தான் அங்கே நிலநடுக்கம் அடிக்கடி வருகிறது, பேரன் தீவில் எரிமலை புகைகிறது. லட்சத்தீவுகள் மூன்றாம் வகை: பவளப்பாறைகளால் ஆன தாழ்ந்த தீவுகள், எல்லாம் சேர்த்தே 32 சதுர கிலோமீட்டர்தான். மணல், மலை, பவளம் என்ற மூன்றையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இரண்டாவது, 'பத்து டிகிரிக் கால்வாய்'. அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிப்பது இது என்று நடத்துகிறோம். நம் பிள்ளைகளுக்குக் கால்வாய் என்றால் பக்கிங்காம் கால்வாய். ஒரு பாலம் கட்டினால் தாண்டிவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள திறந்த கடல். சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் தொலைவுக்குக் கிட்டத்தட்ட வரும் என்று சொன்னால்தான் அவர்கள் கண் விரிகிறது.

மூன்றாவது, நேரம். சென்னை ஏறக்குறைய 80¼° கிழக்குத் தீர்க்கக்கோட்டில் இருக்கிறது, தலைநகர் போர்ட் பிளேர் 92¾° அருகே. வித்தியாசம் 12½°. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 50 நிமிடம். சூரியன் அங்கே நமக்கு முன்பே உதித்துவிடுகிறது. ஆனால் கடிகாரம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பாடநூலின் பயிற்சியில் வெளிநாட்டு நகரங்களை வைத்துப் போடும் இந்தக் கணக்கை அந்தமானை வைத்துப் போட்டால், "அப்போ அங்க ஸ்கூல் எத்தனை மணிக்கு மிஸ்?" என்று அடுத்த கேள்வி தானாக வரும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய படங்களில் பழைய பெயர்தான் இருக்கும் என்பதால் இரண்டையும் சொல்லிவையுங்கள்.

நிர்வாகம் என்பது தூரத்துக்குக் கிடைத்த விடை

இப்போது நிர்வாகத்துக்கு வருவோம். இதைப் பட்டியலாக நடத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

1956 நவம்பர் 1 முதல் இது ஒன்றியப் பிரதேசம். சட்டமன்றம் கிடையாது. குடியரசுத் தலைவர் நியமிக்கும் துணைநிலை ஆளுநர் நிர்வாகத்தை நடத்துகிறார். மக்களவைக்கு ஓர் உறுப்பினர். அவரையும் 1967-இல்தான் முதன்முதலாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கு முன்பு நியமனம்தான். முதல் மக்களவைக்கு அப்படி நியமிக்கப்பட்டவர் கார் நிக்கோபாரில் பிறந்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உயர் நீதிமன்றம் கொல்கத்தாவினுடையது, அதன் சுற்று அமர்வு தலைநகரில் கூடுகிறது. சென்னைதானே பக்கம், பிறகு ஏன் கொல்கத்தா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். 1858-இல் அங்கே கைதிகள் குடியிருப்பைத் தொடங்கிய ஆங்கிலேய இந்திய அரசு கொல்கத்தாவிலிருந்துதான் ஆண்டது என்ற வரலாற்றை அங்கே சேர்த்துவிடலாம்.

மாவட்டங்கள் மூன்று: தெற்கு அந்தமான், 2006-இல் பிரிந்த வடக்கு – மத்திய அந்தமான், 1974-இல் உருவான நிக்கோபார். நம் ஊரில் ஆட்சியர் என்கிறோமே, அங்கே அந்தப் பொறுப்பில் இருப்பவர் துணை ஆணையர். இவற்றில் நிக்கோபார் மாவட்டத்தை மட்டும் எடுத்து விரிவாக நடத்துங்கள் என்பது என் பரிந்துரை.

அதன் பரப்பு 1,841 சதுர கிலோமீட்டர். 2011-இல் மக்கள்தொகை 36,842. சதுர கிலோமீட்டருக்கு 20 பேர். அதே ஆண்டு சென்னை மாவட்டத்தில் 26 ஆயிரத்துக்கும் மேல். கார் நிக்கோபார், நான்கௌரி, பெரு நிக்கோபார் என்று மூன்று வட்டங்கள். மாவட்டத் தலைமையிடம் வடகோடியில், கார் நிக்கோபாரில். தென்கோடி இந்திரா முனை. இரண்டுக்கும் நடுவே சுமார் 270 கிலோமீட்டர், அதுவும் கடல் வழி. பெரு நிக்கோபார் தீவு மட்டுமே பெருநகரச் சென்னை மாநகராட்சியின் பரப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அதில் வாழ்ந்தவர்கள் சுமார் எட்டாயிரம் பேர்.

இந்த எண்களைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், மறந்துவிடுவார்கள். அதனால் ஒரு விளையாட்டு வைத்தேன். வகுப்பறைத் தரையில் சாக்கட்டியால் தீவுகளை வரைந்தோம். மேலே கார் நிக்கோபார். கொஞ்சம் தள்ளி சௌரா, தெரஸ்ஸா. நடுவில் கச்சால், கமோர்ட்டா, நான்கௌரி. கீழே சிறு நிக்கோபார், பெரு நிக்கோபார். ஒவ்வொரு தீவிலும் இரண்டு, மூன்று பிள்ளைகள். ஒரு மாணவி துணை ஆணையர். கரும்பலகை டஸ்டர்தான் கப்பல். ஒரு நாளில் கப்பல் இரண்டு தீவுகளுக்கு மட்டும் போகலாம். ஒரு பையன் வானிலை அதிகாரி. அவன் "கடல் சரியில்லை" என்று கத்தினால் கப்பல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு சீட்டு கொடுத்தேன். ஒன்றில் 'அரிசி ஐந்து நாளுக்குத்தான் இருக்கிறது'. இன்னொன்றில் 'பிரசவ வலி'. மற்றொன்றில் 'ஆசிரியர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை'. கடைசித் தீவில் 'வாக்குப்பதிவு இயந்திரம் வந்து சேர வேண்டும்'.

பத்தாவது நிமிடத்தில் துணை ஆணையர் அழாத குறை. வானிலை அதிகாரிக்கோ கொண்டாட்டம், அடிக்கொரு தரம் கத்திக்கொண்டிருந்தான். பிறகு பிள்ளைகளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். மழைக்காலத்துக்கு முன்பே எல்லாத் தீவுக் கிடங்குகளிலும் அரிசி நிரப்பிவைக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. ஹெலிகாப்டர் ஒன்று வேண்டும், ஆனால் அதில் அரிசி மூட்டை ஏற்றக் கூடாது, நோயாளிக்குத்தான் என்றான் ஒருவன். எல்லா நோயாளியையும் ஒரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். வட்டங்கள் ஏன் மூன்றாகப் பிரிந்திருக்கின்றன என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கடைசியில் கச்சாலில் உட்கார்ந்திருந்த பையன் சொன்னான்: "கப்பல் வர்ற வரைக்கும் எல்லாத்துக்கும் ஏன் மிஸ் காத்துக்கிட்டு இருக்கணும்? சின்ன விஷயத்தை நாங்களே முடிவு பண்ணிக்கறோமே."

அந்த இடத்தில்தான் நான் பாடத்தைத் திறந்தேன். நிக்கோபாரியர் ஊர்களில் நம்மூர்போல ஊராட்சி மன்றம் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் 'கேப்டன்' என்று அழைக்கப்படும் தலைவர்கள் உண்டு, அவர்களுக்கு மேலே பழங்குடி மன்றம் உண்டு. 2009-இல் இதற்கென்றே தனி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கார் நிக்கோபாரில் நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, 'துகெட்' என்னும் கூட்டுக் குடும்பத்துக்கே உரியது. பெரு நிக்கோபாரில் காம்ப்பெல் பே பகுதியில் 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். அங்கே வழக்கமான ஊராட்சிகள் இருக்கின்றன. ஒரே மாவட்டத்தில் இரண்டு வகை உள்ளாட்சி. வெளியூர்க்காரர் பழங்குடிப் பகுதிக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அதற்காகத்தான்.

குடிமையியல் பாடத்தில் நாம் அமைப்பின் பெயரை முதலில் சொல்கிறோம், காரணத்தைப் பிறகு சொல்கிறோம், பல நேரம் சொல்வதே இல்லை. கடலையும் தூரத்தையும் முதலில் காட்டிவிட்டால், நிர்வாகம் என்பது அந்தத் தூரத்துக்கு மனிதர்கள் கண்ட விடை என்று பிள்ளைக்குத் தானே புரிகிறது.

முதலில் அங்கே, பிறகு இங்கே

இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மதிப்பெண்ணுக்காக இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் வடசென்னைக் கடற்கரைக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. நான் அப்போது இருபதுகளில் இருந்தேன். காலையில் தெருவே மேற்கு நோக்கி ஓடி வந்தது. "கடல் உள்ளே வருது" என்றார்கள். கடல் எப்படி உள்ளே வரும் என்று விளங்காமலே நானும் ஓடினேன். கையில் துடைப்பத்தோடு ஓடிவந்த ஒரு பெரியம்மாவை இன்றும் மறக்க முடியவில்லை.

அந்த நேரங்களை இப்போது கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஏறக்குறைய 6.30 மணிக்கு. நிக்கோபார்த் தீவுகளை அலை அடித்தது அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில். சென்னைக் கரைக்கு அது வந்து சேர்ந்தது ஒன்பது மணி வாக்கில். இரண்டரை மணி நேரம். நம் நாட்டின் ஒரு மாவட்டத்தைக் கடல் அடித்துப் போட்டுவிட்டது, இன்னொரு மாவட்டத்தில் நாங்கள் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் செய்தி ராயபுரத்துக் கட்டுமரக்காரருக்கு வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் எட்டாயிரம் உயிர்கள் போயின.

அப்போது நம்மிடம் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இல்லை. 2007-இல் ஹைதராபாத்தில் அது செயல்படத் தொடங்கியது. இன்று கருவிகள் இருக்கின்றன. ஆனால் கருவி தரும் எச்சரிக்கையைக் கேட்கும் ஆளுக்கு அந்தத் தீவு எங்கே இருக்கிறது, அங்கே நடப்பது எத்தனை நேரத்தில் இங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவைக் கொடுப்பது நம் வேலை.

நிக்கோபாரில் என்ன நடந்தது? தென்கோடியில் இந்திரா முனை சுமார் 4¼ மீட்டர் கீழே இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்துவிட்டது. டிரிங்கெட் தீவு துண்டானது. கச்சாலில் இழப்பு மிகக் கொடுமை. கடலோர ஊர்களை உள்பகுதிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளைகளிடம் இரண்டு எண்களை மட்டும் எழுதிப்போடுங்கள்: 2001-இல் நிக்கோபார் மாவட்ட மக்கள்தொகை 42,068. 2011-இல் 36,842. நாடு முழுவதும் கூடிக்கொண்டிருந்த பத்தாண்டில் இங்கே ஏன் குறைந்தது என்று கேளுங்கள். என் வகுப்பில் கேட்டபோது ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், "சுனாமி, மிஸ்." அவள் 2004-க்குப் பிறகு பிறந்தவள். வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறாள்.

இன்னொரு எடுத்துக்காட்டு, வர்தா புயல். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்து மரங்களையெல்லாம் சாய்த்ததே, அது அந்த மாத முதல் வாரத்தில் அந்தமான் அருகே உருவானது. ஹேவ்லாக், நீல் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. நமக்கு அது செய்தித்தாளில் ஒரு பத்தி. சில நாளில் அதே காற்று நம் பள்ளிக் கூரையைப் பிடுங்க வந்தது. முதலில் அங்கே, பிறகு இங்கே. அந்தமான் நமக்குத் தொலைவில் உள்ள ஊர் அல்ல. நமக்குக் கிழக்கே உள்ள அடுத்த ஊர். நடுவில் இருப்பது கடல்தான்.

மூன்று எச்சரிக்கைகள்

இந்தப் பாடத்தை நடத்தும்போது நான் கவனமாக இருக்கும் மூன்று இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பழங்குடி மக்கள். நிக்கோபாரியர், ஷோம்பென், ஓங்கே, ஜாரவா, கிரேட் அந்தமானியர், சென்டினலியர் என்று பெயர்களைச் சொன்னதும் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்த படங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களை வேடிக்கைப் பொருளாக்க விடாதீர்கள். 'மூத்தகுடிகள்' என்று சொல்லுங்கள். 'நாகரிகம் அடையாதவர்' என்ற சொல் நம் வாயிலிருந்து வரக் கூடாது. எல்லோரையும் ஒரே கூட்டமாகவும் பேசாதீர்கள். நிக்கோபாரியரில் ஆசிரியர்கள் உண்டு, மருத்துவர்கள் உண்டு, அரசு அலுவலர்கள் உண்டு. சென்டினலியர் வெளியாரை விரும்பாமல் தனித்து வாழ்கிறார்கள். அந்த விருப்பத்தை மதித்து விலகி நிற்பதும் ஒரு நிர்வாக முடிவுதான் என்று உயர் வகுப்புகளில் விவாதிக்கலாம்.

இரண்டு, தீவு என்றால் சுற்றுலா என்ற நினைப்பு. நீல நிறக் கடல் படங்களைப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். குடிநீரைப் பற்றிக் கேளுங்கள். சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், சென்னையைப்போல் இரண்டு மடங்கு பெய்யும் இடத்தில், கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏன் வருகிறது? பெரு நிக்கோபாரில் கலத்தியா போன்ற ஆறுகள் ஓடுகின்றன, தட்டையான கார் நிக்கோபாரில் ஆறு இல்லை. மழை பெய்வது வேறு, நீர் நிற்பது வேறு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற நம் பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது.

மூன்று, துறைமுகம். பெரு நிக்கோபாரின் கலத்தியா வளைகுடாவில் பெரிய சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. உலகக் கப்பல் பாதைக்கு அருகில் இருப்பது அதன் பலம். மழைக்காடும், தோலாமை முட்டையிடும் கடற்கரையும், ஷோம்பென் மக்களின் வாழ்விடமும் அங்கே இருப்பது அதன் சிக்கல். இதில் மாணவர்களுக்கு நம் கருத்தைத் திணிக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிப் பேசத் தகுதி இருக்கிறது. துறைமுகம் வந்தால் வேலை வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும், கழிமுகத்தில் இறால் குறைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இரண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்கள். நான் எழுதச் சொன்னபோது வந்த விடைகள், நான் எழுதியிருக்கக் கூடியதைவிட நன்றாக இருந்தன.

நாளைக்கே செய்யக் கூடியவை

பெரிய செலவில்லாமல் நாளைக்கே செய்யக் கூடியவை சில.

தொடக்கநிலை ஆசிரியர்கள் சுவர்ப் படத்தில் கட்டத்துக்குள் இருக்கும் தீவுகளை ஒரு தாளில் நகலெடுத்து வெட்டி, கடலில் அவற்றின் உண்மையான இடத்தில் ஒட்டுங்கள். கட்டத்தின் அளவை வேறு, பெரிய படத்தின் அளவை வேறு என்றால் அதையும் பிள்ளைகளோடு சேர்ந்து சரிசெய்யுங்கள். அளவை என்றால் என்ன என்பதை அதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. வகுப்பில் யாருடைய உறவினராவது அங்கே இருந்தால் அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கள். நடுநிலை வகுப்புகளில் தீர்க்கக்கோட்டுக் கணக்கும் மக்கள் அடர்த்திக் கணக்கும் போடலாம். உயர்நிலையில் அந்தத் துணை ஆணையர் விளையாட்டு. வானிலை அதிகாரியாக மட்டும் கொஞ்சம் அமைதியான பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள், இது அனுபவத்தில் சொல்வது.

ஜெயில் சுவர் வரைந்த அந்த மாணவன் இப்போது துறைமுகத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். சென்ற ஆண்டு கடைத்தெருவில் பார்த்தேன். "மிஸ், அந்தமான் கப்பலுக்குச் சரக்கு ஏத்தறோம்" என்றான். அந்தச் சுவர் அவனுக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. என் இப்போதைய வகுப்பில் ஒரு சிறு மாற்றம் தெரிகிறது. சென்ற கார்த்திகையில் அந்தமான் அருகே தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்த மறுநாள், வழக்கம்போல் "லீவா மிஸ்?" என்று பாதி வகுப்பு கேட்டது. முன் வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும், "இன்னிக்கு அங்க கப்பல் போகுதா மிஸ்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இடைவேளையில் இருவரும் சேர்ந்து தேடிப் பார்த்தோம்.